புல்லு மிஷின் ஸ்டார்ட் ஆவலன்னா கயித்த இழுத்துக்கினே இருக்காதீங்க, முதல்ல டேங்க மோந்து பாருங்க

ஆகஸ்ட் 10, ஞாயித்துக்கிழம. காலைல ஆறரை மணி இருக்கும், அடுப்புல பால் கூட இன்னும் பொங்கல, பார்க் பக்கம் சர்ரு சர்ருன்னு சத்தம் கேட்டுக்கினே இருக்கு. என்னடான்னு மாடில நின்னு எட்டிப் பார்த்தா பெரிப்பா. புல்லு வெட்டுற மிஷின நடுவுல நிறுத்தி வெச்சிக்கினு, ஒரு கால அது மேல ஊனிக்கினு, கயித்த இஸ்து இஸ்து பாக்கறாரு. சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. அவருக்கு வயசு 68. ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, உடம்பு என்னவோ இன்னும் கட்டுமஸ்தாதான் இருக்கு, ஆனா வலது தோள்பட்டைல போன வருஷமே வலி வந்து ரெண்டு மாசம் பிசியோ போனாரு. நான் செருப்பு கூட போடாம ஓடிப்போயி "பெரிப்பா விடுங்க, போதும்"னு கைய புடிச்சேன். "இன்னா பாப்பா இது, நாப்பது தடவ இஸ்துட்டேன், மூச்சே விட மாட்டேங்குது"ன்னாரு.

எங்க வீடு வேலூர் சத்துவாச்சாரில. எதிர்ல ஒரு சின்ன பார்க்கு இருக்கு, பார்க்குன்னா பெரிசா ஒண்ணுமில்ல, நாலு வேப்பமரம், ரெண்டு சிமெண்ட் பெஞ்சு, நடுவுல புல்லு, ஒரு கொடிக்கம்பம். தெருவுல இருக்கற பதினெட்டு வீடும் சேர்ந்து பாத்துக்கறோம். ஆறு வருஷத்துக்கு முன்னாடி பெங்களூர்ல வீட்ட காலி பண்ணிட்டுப் போன ஒருத்தர்கிட்ட பெரிப்பா இந்த மிஷின செகண்ட் ஹேண்ட்ல வாங்கினு வந்தாரு. பெட்ரோல்ல ஓடற நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், 160 சிசி, பின்னாடி நின்னு தள்ளிக்கினு போற மாதிரி. அதுக்குன்னு தகரத்துல ஒரு ஷெட்டு போட்டு, கதவு மேல அவரு கையால "வ.ஆ. மாவட்டம், வேலூர்"னு பெயிண்ட்ல எழுதி வெச்சிருக்காரு. வட ஆற்காட்ட 1989லயே பிரிச்சாச்சு, 2019ல ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியா போயாச்சு, அவருக்கு மட்டும் இன்னும் வடாற்காடுதான். அவரு வேலைக்கு சேர்ந்த ஊரு வாலாஜா, குடும்பம் நடத்துன ஊரு வேலூர், பொண்ண குடுத்த ஊரு ஆம்பூர், மூணும் மூணு மாவட்டம்னு சொன்னா மனசு கேக்க மாட்டேங்குது.

ஆகஸ்ட் 15க்கு பார்க்குல கொடியேத்தணும். ஜூலைல சாயங்காலம் சாயங்காலமா இடி மழை வந்துச்சு இல்ல, புல்லு முழங்காலுக்கு வந்துடுச்சு, போன வாரம் பந்து தேடப் போன பசங்க பாம்பு பாத்தேன்னு அலறிக்கினு வந்தாங்க. அதனால வெட்டியே ஆவணும். கைல இருக்கறது அஞ்சு நாளு.

ஸ்டார்ட் ஆவாத மிஷின என்ன பண்ணணும்னு நான் அந்த வாரம் கத்துக்கினத இங்க எழுதி வெக்கறேன். நம்ம ஊர்ல இந்த மிஷினுக்கு ஆள் கெடைக்கறது கஷ்டம். பைக்குக்கு தெருவுக்கு ஒரு மெக்கானிக் இருக்காரு, இதைக் கொண்டு போனா ஏற எறங்கப் பாப்பாங்க. அன்னைக்கு காலைலயே ஒரு கடைக்கு ஆட்டோல ஏத்தினு போனோம். அவரு கயித்த ரெண்டு இழுப்பு இழுத்துட்டு, கார்ப்ரேட்டரே (பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பற பாகம்) போச்சு, புதுசு வரவழைக்கணும், 3,500 ஆவும், பத்து நாள் டைம் வேணும்னாரு. ஒரு நட்டக்கூட கழட்டிப் பாக்கல. எனக்கு அங்கயே ஆத்திரமா வந்துச்சு. டாக்டர் கைய கூட புடிக்காம ஆபரேஷன்னு சொன்னா ஒத்துக்குவோமா? திருப்பி ஏத்தினு வந்துட்டோம்.

வந்ததும் பெரிப்பாவ பெஞ்சுல குந்த வெச்சுட்டு நான் கீழ உக்காந்துட்டேன். நான் ராணிப்பேட்டைல ஷூ கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறவ, மெக்கானிக் வேலைக்கும் எனக்கும் சம்பந்தமில்ல, ஆனா கணக்கு டேலி ஆவலன்னா எங்க தேடணும்னு தெரியும். எல்லாத்தையும் ஒரே சமயத்துல கிண்டக்கூடாது, ஒண்ணொண்ணா சரியா இருக்குன்னு டிக் அடிச்சுக்கினே வரணும், மிச்சம் நிக்கறதுதான் தப்பு. எஞ்சினும் அப்படித்தான். அதுக்குத் தேவை பெட்ரோலு, காத்து, பிளக்குல கரண்ட்டு, அப்புறம் உள்ள அழுத்தம். கயிறு இழுக்கும்போது நல்லா எதிர்த்து இழுக்குது, அப்போ அழுத்தம் இருக்கு. மத்த மூணுல ஒண்ணு இல்ல.

சாதாரண விஷயத்த முதல்ல பாத்துட்டோம். ஹேண்டில்ல ஒரு லிவர் இருக்கும், அத ஹேண்டிலோட சேத்து அமுக்கிப் புடிச்சாதான் எஞ்சின் ஓடும், விட்டா நின்னுடும், கை தவறினா பிளேடு நிக்கணும்னு வெச்சது. அதோட ஒயரு நீண்டு தொங்கிப்போனா நாம அமுக்கி இருந்தாலும் அதுக்கு விட்ட மாதிரிதான், கரண்டே வராது. எங்களோடது டைட்டா இருந்துச்சு. பெட்ரோல் டேப் திறந்திருக்கு. ஸ்டார்ட் பண்ணும்போது காத்த கொறைக்கற மூடி, சோக்குன்னு சொல்லுவாங்களே, அதுவும் சரியா மூடுது. ஆயில் கோல எடுத்துப் பாத்தா அளவு கோட்டுக்கு நடுவுல இருக்கு.

அப்பால டேங்க் மூடிய திறந்து மோந்து பாத்தேன். இதத்தான் எல்லாரும் முதல்ல பண்ணணும்னு நான் சொல்லுவேன். நல்ல பெட்ரோலோட வாசனை மூக்குல சுருக்குன்னு ஏறும், பங்க்குல வண்டிய நிறுத்தும்போதே தெரியுமே அது. இது அப்படியில்ல, கதவுக்கு வார்னிஷ் அடிச்ச வீட்டுல நுழைஞ்ச மாதிரி ஒரு மக்கின வாடை. "கடைசியா எப்ப பெட்ரோல் ஊத்தினீங்க பெரிப்பா?"ன்னேன். யோசிச்சு, "மாசி மகத்துக்கு முன்னாடி வெட்டுனது, அப்பால வெயில் வந்துடுச்சு, புல்லு காய்ஞ்சுடுச்சு, உள்ள தள்ளிட்டேன்"னாரு. அப்போ அஞ்சு மாசம் அந்தப் பெட்ரோலு தகர ஷெட்டுக்குள்ள இருந்திருக்கு.

நம்ம ஊரு வெயில் தெரியும் இல்ல. மரமில்லாத மலைன்னு நம்ம ஊரப் பத்தி ஒரு சொல்லு இருக்கே, அந்தப் பாறை பகலெல்லாம் காய்ஞ்சு ராத்திரி பத்து மணிக்கும் அனலடிக்கும். அக்னி நட்சத்திரத்துல வெளியவே 40 டிகிரிய தாண்டுதுன்னா தகரத்துக்கு கீழ என்ன ஆவும்னு பாத்துக்கங்க. பெட்ரோல்ல சீக்கிரம் பத்திக்கற லேசான பாகம் ஒண்ணு இருக்கு, அதுதான் முதல்ல ஆவியாப் போவும், எஞ்சின் குளிர்ச்சியா இருக்கும்போது ஸ்டார்ட் ஆவறதே அதனாலதான். அது போனதும் மிச்சம் இருக்கறது கனமான, பிசுபிசுன்னு இருக்கறது. அது காயக்காய கோந்தா மாறும்.

இன்னொண்ணு எத்தனால். 2022ல பெட்ரோல்ல 10 சதவீதம் கலந்தாங்க, 2025ல 20 சதவீதம் ஆயிடுச்சு, பங்க்குல ஈ20ன்னு ஸ்டிக்கர் பாத்திருப்பீங்க. தினமும் ஓடற வண்டில உள்ள போற பெட்ரோல் ரெண்டு நாள்ல தீந்துடுது, நிக்க நேரமில்ல. மாசக்கணக்குல நிக்கற மிஷினுக்குதான் தொந்தரவு. எத்தனால் காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், ஓரளவுக்கு மேல தண்ணி சேர்ந்தா ரெண்டும் சேர்ந்து பெட்ரோல விட்டுப் பிரிஞ்சு கீழ எறங்கிடும். கார்ப்ரேட்டரோட அடிக்கிண்ணம்தான் எல்லாத்துக்கும் கீழ இருக்கறது, அங்க போயி தங்கிடும். அங்கிருந்து அலுமினியத்த அரிக்க ஆரம்பிக்கும். பழைய ரப்பர் டியூப்பயும் ஊற வெச்சு பாழாக்கும். வெயில்ல ஆவியாகி, ஜூலை மழைல ஈரம் இழுத்துன்னு, நம்ம ஊரு சீசன் ரெண்டு பக்கமும் சேர்ந்து அடிக்குது.

சரின்னு டேங்க்குல இருந்தத முழுசா எடுத்துட்டோம். புது பெட்ரோலுக்கு பாட்டில எடுத்துனு போனா பங்க்குல தர மாட்டாங்க, அதனால பக்கத்து வீட்டுத் தம்பியோட பழைய ஸ்ப்ளெண்டர்ல டேப்புக்கு கீழ இருக்கற டியூப்ப உருவி அரை லிட்டர் புடிச்சோம். ஊத்திட்டு இழுத்தோம். இப்ப இழுத்தது அந்தத் தம்பி, பெரிப்பாவுக்கு நான் கயித்த குடுக்கல. பத்து தடவ. ஒண்ணுமில்ல. பெரிப்பா முகம் வாடிப்போச்சு, எனக்கும்தான். பெட்ரோல்தான் பிரச்சனைன்னு அவ்ளோ நிச்சயமா நெனச்சிருந்தேன்.

இங்கதான் நிறைய பேரு மறுபடியும் கயித்த இழுக்க ஆரம்பிச்சுடுவாங்க. நான் பிளக்க கழட்டச் சொன்னேன். ஸ்ப்ளெண்டர் பிளக் ஸ்பேனர் இதுக்குச் சேராது, இது பெரிய பிளக்கு, 21 சைஸ் ஸ்பேனர் வேணும். கழட்டினதும் பிளக் நுனிய விரலால தொட்டுப் பாக்கணும், அதுவே நமக்கு பாதி பதில் சொல்லிடும். நனைஞ்சு பெட்ரோல் சொட்டுச்சுன்னா பெட்ரோல் வருது ஆனா பத்திக்கல, கரண்ட்டத் தேடணும், இல்ல சோக் போட்டு ஓவரா இழுத்து ரொம்பிப் போயிருக்கும், பிளக்க துடைச்சு பத்து நிமிஷம் காய விட்டா சரியாவும். காய்ஞ்சு இருந்தா பெட்ரோலே வரல. எங்க பிளக்கு தீக்குச்சி மாதிரி காய்ஞ்சு கெடக்கு. சோக் மூடி பத்து தடவ இழுத்த அப்புறமும்.

கரண்ட்டையும் பாத்துடலாம்னு பிளக்க கேப்புல மாட்டி, அதோட இரும்பு உடம்ப எஞ்சின் மேல ஒட்ட வெச்சு, லிவர அமுக்கிப் புடிச்சுக்கினு தம்பிய இழுக்கச் சொன்னேன். பெட்ரோல் கேன தூரத்துல வெச்சுட்டு, பிளக் ஓட்டைக்குப் பக்கத்துல கொண்டு போகாம பண்ணுங்க, உள்ள இருந்து பெட்ரோல் ஆவி வந்தா பத்திக்கும். வேப்பமரத்து நிழல்ல டிக் டிக்குன்னு நீலமா ஒரு பொறி. நல்ல கரண்ட்டு. மஞ்சளா மங்கலா வந்தாலோ வராமலே போனாலோ தான் பிளக்கையும், அதுக்கு கரண்ட் அனுப்பற காயிலையும் சந்தேகப்படணும். பிளக்கு நூத்தி சொச்சம் ரூபாதான், அதனால பழசா இருந்தா மாத்திட்டே தேடலாம். இடைவெளி 0.7ல இருந்து 0.8 எம்எம் இருக்கணும்.

இப்ப ஒரே ஒரு சோதனை பாக்கி. இதச் சொல்லிக் குடுத்தது பாய். வேலூர் சைதாப்பேட்டைல ரொம்ப வருஷமா கம்ப்ரஸர், ஜெனரேட்டர், ஸ்ப்ரேயர்லாம் பாக்கறவரு, எங்க அப்பா காலத்துலருந்து பழக்கம், இப்ப கடைய பையன்கிட்ட குடுத்துட்டு வீட்டோட இருக்காரு. போன் பண்ணேன். "பிளக் ஓட்டைல அரை ஸ்பூன் பெட்ரோல் ஊத்துமா, பிளக்க போட்டு இழு, ஓடி நின்னுதுன்னா எனக்கு போன் பண்ணு, ஓடலன்னாலும் பண்ணு"ன்னாரு. டீஸ்பூன்ல பாதி ஊத்தி, பிளக்க டைட் பண்ணி, சிந்தினத நல்லா துடைச்சுட்டு, தம்பி இழுத்தான். டப டப டபன்னு நாலஞ்சு தடவ அடிச்சு, வெள்ளையா ஒரு புகை விட்டு நின்னுச்சு. பெரிப்பா பெஞ்சுல இருந்து எழுந்தே நின்னுட்டாரு. "உயிர் இருக்கு பாப்பா!"

உயிர் இருக்கு. பிளக்கு, காயிலு, வால்வு, பிஸ்டன் எல்லாம் நல்லா இருக்குன்னு அந்த அரை ஸ்பூன் பெட்ரோலு சொல்லிடுச்சு. டேங்க்குக்கும் எஞ்சினுக்கும் நடுவுல எங்கயோ அடைப்பு. டேங்க்லருந்து வர டியூப்ப கார்ப்ரேட்டர் பக்கம் உருவிப் பாத்தா பெட்ரோல் தாராளமா கொட்டுது. அப்போ அடைப்பு கார்ப்ரேட்டர் உள்ளயேதான். திரும்ப பாய்க்கு போன் போட்டேன், "எத்தினி மாசம் சும்மா கெடந்துச்சு?"ன்னாரு, அஞ்சுன்னேன். "அப்ப கிண்ணத்த எறக்கு. வேற எதையும் தொடாத. கழட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்துக்க, எந்த ஸ்ப்ரிங் எந்த ஓட்டைல இருந்துச்சுன்னு."

இதுக்கு நடுவுல ஒரு தப்பு நடந்துடுச்சு, அதையும் சொல்லிடறேன், நீங்க பண்ணக்கூடாதுன்னு. கீழ பிளேடு பக்கம் புல்லு அடைச்சிருக்கான்னு பாக்கறதுக்காக தம்பி மிஷின சைடுல சாய்ச்சிருக்கான், கார்ப்ரேட்டர் இருக்கற பக்கம் கீழ வர மாதிரி. எஞ்சின் ஆயிலெல்லாம் ஏர் ஃபில்டருக்கு எறங்கிடுச்சு. ஃபோம் நனைஞ்சு கருப்பா சொட்டுது. காத்து போற வழி அடைச்சுட்டா எஞ்சின் எப்படி ஓடும்? ஃபோம சோப்புத் தண்ணில அலசிப் பிழிஞ்சு நிழல்ல காய வெச்சோம், காகித ஃபில்டரா இருந்தா மாத்தறத விட வேற வழியில்ல. எப்ப சாய்ச்சாலும் கார்ப்ரேட்டர் வானத்தப் பாக்கணும். அதுக்கும் முன்னாடி பிளக் கேப்ப உருவிடணும், இத மட்டும் மறக்கவே மறக்காதீங்க, பிளேட கையால திருப்பினா எஞ்சினும் திரும்பும், அது ஒரு தடவ பத்திக்கிச்சுன்னா விரல் போயிடும்.

கிண்ணத்த எறக்கறது பெரிய வேலையில்ல. டேப்ப மூடிட்டு, கீழ ஒரு எவர்சில்வர் தட்டு வெச்சு, 10 நம்பர் ஸ்பேனர்ல அடியில இருக்கற ஒரே ஒரு போல்ட்ட கழட்டணும். போல்ட்டு லூஸ் ஆனதும் கொஞ்சம் பெட்ரோல் தட்டுல கொட்டுச்சு, அதுல தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுது, எண்ணெய்ல தண்ணி விழுந்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி. கிண்ணம் கைல வந்துச்சு. உள்ள அடில தயிர் காய்ஞ்ச மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கு, அது மேல பச்சையும் பழுப்புமா ஒரு ஏடு, விரல வெச்சா வெல்லப்பாகு மாதிரி நூல் இழுக்குது. அலுமினியம் அரிச்சு வந்த பொடிதான் அந்த வெள்ளை. நான் அதை பெரிப்பாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் கைல வெச்சுப் பாத்துக்கினே இருந்தாரு. "இத வெச்சுக்கினு என்னை இழுக்கச் சொன்னா அது என்ன பண்ணும், பாவம்"னாரு. மிஷினத்தான் சொல்றாரு.

கிண்ணம் இருந்த இடத்துக்கு நடுவுல ஒரு பித்தளை குழாய் தொங்கும், அதுக்குள்ளதான் மெயின் ஜெட்டு, பெட்ரோல அளந்து விடற ஓட்டை இருக்கற குட்டி பித்தளைத் திருகு. சின்ன திருப்புளி சரியா பொருந்தறதா பாத்து கழட்டணும், பித்தளை மெத்துன்னு இருக்கும், திருப்புளி வழுக்கினா காடி போயிடும், அப்பால கழட்டவே வராது. ஜெட்ட எடுத்து வெளிச்சத்துக்கு எதிர்ல புடிச்சேன். அதோட நடு ஓட்டை ஊசி குத்தின அளவுதான் இருக்கும், நல்ல ஜெட்டுல வானம் ஒரு புள்ளியா தெரியணும். எங்களோடதுல இருட்டு. முழுசா மூடிக்கிச்சு. 160 சிசி எஞ்சினும் நாப்பது தடவ இழுத்த ஒரு மனுஷனோட தோளும் நின்னது இந்த ஊசி ஓட்டை அடைச்சதுக்குத்தான்.

சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஸ்பேர்ஸ் கடைல கார்ப்ரேட்டர் க்ளீனர் ஸ்ப்ரே ஒண்ணு வாங்கினு வந்தேன். ஜெட்டு, குழாய், கிண்ணம் எல்லாத்தையும் ஒரு டம்ளர்ல போட்டு ஸ்ப்ரே அடிச்சு அரைமணி ஊற விட்டோம். அப்புறம் பழைய சார்ஜர் ஒயர வெட்டி, உள்ள இருக்கற செம்புக் கம்பில ஒரே ஒரு இழைய பிரிச்சு, அதை ஜெட்டுல விட்டு மெதுவா இழுத்தேன். ஊசி, குண்டூசி, டிரில் பிட்டு எதுவும் விடக்கூடாதுன்னு பாய் கண்டிஷனா சொன்னாரு, ஓட்டை ஒரு மயிரிழை பெரிசானாலும் பெட்ரோல் கணக்கு மாறிடும். மூணாவது தடவ இழை அந்தப் பக்கம் வந்துச்சு. எடுத்து தூக்கிப் பாத்தா வேப்பமரத்து நடுவுல வானம் புள்ளியா தெரியுது. அந்தக் குழாய் சைடுலயும் குட்டி குட்டியா ஓட்டை இருக்கும், அதுவும் திறந்திருக்கணும், நிறைய பேரு அதை விட்டுடறாங்க. ஸ்ப்ரே அடிக்கும்போது கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கங்க, ஒரு ஓட்டைல அடிச்சா வேற ஓட்டைல பீச்சி மூஞ்சில வரும்.

திருப்பி மாட்டும்போது இன்னொரு சோதனை. கிண்ணத்துக்கு வட்டமா ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அது பெட்ரோல்ல ஊறி உப்பிப்போயி காடில உக்கார மாட்டேங்குது, ஒரு பக்கம் அமுக்கினா மறு பக்கம் எழும்புது. இழுத்து அமுக்கி மூடினா ஒழுவும். பாய் சொன்னாரு, "வெயில்ல போடுமா, தானா சுருங்கும்". ரெண்டு மணி நேரம் மொட்டை மாடில துவைச்ச துணிக்குப் பக்கத்துல காய வெச்சேன், பழையபடி சின்னதாகி அழகா உக்காந்துச்சு. வேலூர் வெயிலு அன்னைக்கு அந்த ஒரு உதவி பண்ணுச்சு.

சாயங்காலம் நாலரை மணிக்கு தம்பி இழுத்தான். மூணாவது இழுப்புல புடிச்சுக்கிச்சு. தெருவுல ஜன்னல் ஜன்னலா தலை எட்டிப் பாக்குது. ஆனா சத்தம் சரியில்ல, ஏறுது எறங்குது ஏறுது எறங்குது, மூச்சு வாங்கற மாதிரி. சோக்க பாதி போட்டா ஒழுங்கா ஓடுது, முழுசா திறந்தா திணறுது. அது என்னன்னா மெயின் ஜெட்டு திறந்துடுச்சு, மெதுவா ஓடறதுக்குன்னு இருக்கற இன்னொரு குட்டி ஜெட்டு இன்னும் பாதி அடைப்பு. பெட்ரோல் பத்தாம காத்து ஜாஸ்தியா போவுது. சோக் போட்டா காத்து கொறையறதால சமாளிக்குது. சோக் போட்டே ஓட்டிடலாம்னு தம்பி சொன்னான், எனக்கு மனசு வரல. மறுநாள் ஆபீஸ்லருந்து வந்து மறுபடி கழட்டி அந்த ஜெட்டையும் ஸ்ப்ரேல ஊற வெச்சு ஊதினேன், முதல் தடவைல இதையும் பண்ணியிருந்தா ஒரு நாள் மிச்சம். செவ்வாக்கிழம ஸ்டார்ட் பண்ணப்போ ஒரே சீரா, தையல் மிஷின் மாதிரி.

எல்லாருக்கும் இதே அடைப்புதான் இருக்கும்னு இல்ல. கல்லுல பிளேடு இடிச்சு டமார்னு நின்னு, அதுக்கப்புறம் ஸ்டார்ட் ஆவலன்னா, இல்ல கயித்த கையிலருந்து பின்னால வெடுக்குன்னு பிடுங்குதுன்னா கார்ப்ரேட்டர கழட்டாதீங்க, மேல ஃப்ளைவீல்னு எஞ்சினோட சேர்ந்து சுத்தற சக்கரத்துல ஒரு குட்டி சாவி இருக்கும், சாவின்னா ஒரு சின்ன உலோகத் துண்டு, அது நறுக்குப்பட்டு பொறி வர்ற டைமிங் மாறியிருக்கும். பெரிய அடில எஞ்சினோட தண்டு கெட்டுடக்கூடாதுன்னே அந்த சாவிய மெத்துன்னு வெச்சிருக்காங்க, அத மட்டும் மாத்தினா போதும். பத்து நிமிஷம் ஓடி நின்னு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஓடுதுன்னா டேங்க் மூடிய லூஸ் பண்ணி ஓட்டிப் பாருங்க, மூடில இருக்கற காத்து ஓட்டை அடைச்சிருந்தா பெட்ரோல் எறங்காது. கயிறே இழுக்க வரலன்னா ஈரப்புல்லு பிளேடுல சுத்தி கட்டியா பிடிச்சிருக்கும்.

அணைக்கட்டுங்கற ஊர்ல எங்க மாமா வெச்சிருக்கறது தோள்ல மாட்டிக்கற பிரஷ் கட்டர், அது ரெண்டு ஸ்ட்ரோக். அதுக்கு பெட்ரோல்லயே ஆயில் கலக்கணும், மிஷினோட புக்குல 1:25ன்னு இருந்தா லிட்டருக்கு 40 மில்லி, 1:50ன்னு இருந்தா 20 மில்லி. அவரு கைக்கு வந்த அளவுல ஊத்துவாரு, அதனாலயே அவரு பிளக்கு எப்பவும் கரி பிடிச்சு கருப்பா இருக்கும், சொன்னா "மிஷினுக்கு எண்ணெய் நல்லதுதானம்மா"ங்கறாரு. போன மாசம் அவருக்கு ஒரு அளவு கப்பு வாங்கிக் குடுத்தேன், மூணு வாரமா ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆவுதாம்.

ஆகஸ்ட் 14 வியாழக்கிழம மத்தியானம் பர்மிஷன் போட்டுட்டு வந்தேன். முழங்கால் அளவு புல்ல ஒரே தடவைல ஒட்ட வெட்டினா மிஷினும் திணறும், புல்லும் வேர் தெரிஞ்சு வெளுத்துப் போவும், ஒரு தடவைக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்கக்கூடாது. ஆனா நாள் விட்டு நாள் வெட்ட எங்களுக்கு நேரமில்ல, அதனால முடிஞ்ச அளவுக்கு நாலு சக்கரத்தையும் மேல் உயரத்துக்கு தூக்கி ஒரு சுத்து, அரைமணி விட்டு இன்னொரு சுத்து. பாம்பு விஷயம் ஞாபகம் இருந்ததால முதல்ல ரெண்டு பேரு கழிய வெச்சு தட்டிக்கினு போனோம், கல்லும் உடைஞ்ச பேட்டும் ரெண்டு டென்னிஸ் பந்தும் கெடைச்சுச்சு. வெட்டின புல்ல பக்கத்துத் தெருவுல மாடு வெச்சிருக்கறவங்க கேட்டாங்க, பெட்ரோல் பட்டிருக்கும்னு பெரிப்பா குடுக்க விடல, மரத்தடில குவிச்சுட்டாரு.

கடைசி சுத்த அவருதான் தள்ளினாரு. கயித்த மட்டும் நான் இழுத்தேன், ரெண்டாவது இழுப்புல புடிச்சுது. கொடிக்கம்பத்த சுத்தி வட்டமா, கோடு போட்ட மாதிரி, கிரவுண்டுல சுண்ணாம்புக் கோடு போட்ட கையாச்சே அது. முடிச்சதும் லிவர விட்டு நிறுத்தல. எஞ்சின் ஓடும்போதே குனிஞ்சு பெட்ரோல் டேப்ப மூடிட்டு, வேர்வைய துடைச்சுக்கினு பக்கத்துலயே நின்னாரு. கிண்ணத்துல மிச்சம் இருக்கற பெட்ரோல் தீர்ற வரைக்கும் அது ஓடணும், அப்பதான் காய்ஞ்சு கோந்தாவறதுக்கு உள்ள எதுவும் இருக்காதுன்னு பாய் சொன்னத நான் சொல்லியிருந்தேன். ரெண்டு மூணு நிமிஷம் ஆச்சு. சத்தம் மெலிசாகி, ஒரு தடவ தூக்கிப்போட்டு, நின்னுச்சு. அப்புறம் ஷெட்டுக்கு தள்ளிக்கினு போயி, கதவுல "வ.ஆ. மாவட்டம்"ங்கறதுக்குக் கீழ சாக்பீஸால எழுதினாரு: "பெட்ரோல் காலி. 14-8."